மூச்சை வாடகைக்கு விடும் ஊர்

காற்றை விற்றுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. ஈப்போவில், பழைய ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், நானும் என் கணவரும் ஆக்சிஜன் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறோம். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டிய மெல்லிய குழாய் வழியாகத் தரும் பெட்டி அது. சின்னப் பயணப்பெட்டி அளவில் இருக்கும், கீழே சக்கரம் உண்டு. நுரையீரல் கெட்டவர்கள் மருத்துவமனைக்கு ஓடாமல் வீட்டிலேயே மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கலாம்.

எங்கள் கிடங்கில் பழுது பார்த்து முடித்த இயந்திரங்கள் நிறையத் தேங்கிவிட்டன. அந்தச் சமயத்தில்தான் கோலார் தங்க வயலில் இதே தொழில் செய்யும் பிலோமினா என்ற பெண், அவற்றை எங்களுக்கு அனுப்புங்கள், வாடகையில் பங்கு தருகிறேன் என்று கேட்டாள். என் கணவருக்குச் சம்மதம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார். எங்கள் இயந்திரங்கள் முழு வாடகை கொடுக்கும் வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். மற்றதெல்லாம் ஒப்புக்கொண்ட பிலோமினா, அந்த ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

நேரில் போய்ப் பேசிப் போட வைப்பது என் பொறுப்பாயிற்று. என் கணவர் கணக்கில் புலி, பேச்சில் பூனை. எனக்கோ சமூக சேவை, லாபம் இரண்டும் ஒன்றாகச் செய்கிறோம் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே கொஞ்சம் ஒவ்வாமை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிற தொழில் எதுவும் நிலைத்து நான் பார்த்ததில்லை. அந்த நினைப்போடுதான் போய் இறங்கினேன்.

இறங்கினேன் என்று சொல்வதே தப்பு. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பெங்களூரிலிருந்து மாலை ரயிலில் ஏறியபோது நிற்கக்கூட இடமில்லை. வேலை முடிந்து திரும்புகிற கூட்டம். எனக்கு இடம் கொடுக்க மூன்று பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் தட்டு வைத்து ராத்திரிச் சமையலுக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி தன் மேலாளரைக் கன்னடத்தில் திட்டினாள், மூன்றாமவள் தமிழில் ஒத்து ஊதினாள். எனக்குப் புரிகிற அளவு தமிழில் பெயர்த்தும் சொன்னார்கள்: "அந்தாளு தன் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கினு வந்து எங்க மேல எறக்கறான்." ஈப்போ ரயிலில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஊமைகளாக வருவோம். இங்கே ஒரு பெட்டியே ஒரு வீடாக இருந்தது.

பேச்சுச் சுவாரசியத்தில், இறங்க வேண்டிய ஊர்காம் நிலையத்தை விட்டுவிட்டேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் ரயில் நிமிஷத்துக்கொரு தடவை நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் இன்னொரு நிலையம் இருக்காது, சும்மா சிக்னலுக்கு நிற்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த நிலையமான சாம்பியனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக மண்மேடுகள். தங்கம் அரைத்து எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் அது. எங்கள் ஊரில் ஈயம் வெட்டி எடுத்த லம்பக் குழிகளெல்லாம் தண்ணீர் நிறைந்து குளங்களாகி, பக்கத்தில் விடுதி கட்டி, வாத்துப் படகு விட்டுக் காசு பார்க்கிறார்கள். இந்த மேட்டில் ஒரு புல்லும் இல்லை. குளிர்ந்த காற்று மட்டும் தாராளமாக வீசியது.

பிலோமினா ஸ்கூட்டரில் என்னைத் தேடிக்கொண்டு எதிரே வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கட்டையான உருவம், பெரிய குரல். பெங்களூர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, தினமும் இதே ரயிலில் போய் வந்து, பிறகு சொந்தத் தொழில் தொடங்கியவள்.

"இன்னாக்கா, சாம்பியன் வரிக்கும் போய்ட்டீங்களா? எங்க ஸ்டேஷனுங்கல்லாம் பக்கத்துப் பக்கத்து வூடு. கண்ண மூடித் தொறந்தா தாண்டிப்புடும்."

அவள் தமிழ் எனக்கு உடனே பிடித்துவிட்டது. என் முப்பாட்டனும் வட ஆற்காட்டுக்காரர். அவர் கப்பலேறினார், இவர்களுடைய முன்னோர் சுரங்க வேலைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் தேய்ந்து போன 'கீது'வும் 'வந்துகினு'வும் இங்கே தெருவெல்லாம் கொழுத்துத் திரிந்தன.

அன்று ராத்திரி அவள் வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் களியை நாகரிகமாக மென்றேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு என்னைப் பேசவிடாமல் செய்தது. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று பிலோமினாவின் கணவர் கற்றுக்கொடுத்தார். இரண்டு உருண்டை உள்ளே போன பிறகு ஒப்பந்தம் பற்றிப் பேச வயிற்றில் இடமில்லை.

மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பி, எங்கள் பெங்களூர் ஆபீஸைப் பாருங்கள் என்று அழைத்துப் போனாள். பெங்களூருக்கா போகிறோம், இந்த நேரத்திலா என்று அலுத்துக்கொண்டே போனேன். போன இடம் ரயில் நிலையம். நடைமேடை முழுக்கச் சால்வையும் மப்ளருமாகக் கூட்டம். நடுவில் பிலோமினாவின் கூட்டாளி தயாளன் நின்றான். எலக்ட்ரீஷியன், பேச்சுக் குறைவு, இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவானாம். அவன் கையிலிருந்த பையிலிருந்து வடிகட்டிகளையும் குழாய்களையும் எடுத்து, வரிசையாக வந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். கோரமங்கலாவில் காவலாளி வேலை பார்ப்பவர் ஒருவர், ஜெயநகரில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் இருவர், ஒரு ஆஸ்பத்திரி வார்டு உதவியாளர். ஒவ்வொருவருக்கும் தன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் சில வீடுகள் பொறுப்பு. வேலைக்குப் போகிற வழியில் வடிகட்டி மாற்றுவார்கள், குழாய் மாட்டுவார்கள், நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அதற்கு வாடகையில் அவர்களுக்குப் பங்கு.

"எங்களுக்கு அங்க ஆபீஸு, வேனு ஒண்ணியும் இல்லக்கா," என்றாள் பிலோமினா, ரயிலைக் காட்டி. "தோ, இதான்."

நான் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் வாடகையில் பாதியை வேனும் ஓட்டுநரும் பெட்ரோலும் தின்றுவிடும். இவள் ஒரு நகரம் முழுக்கக் கிளை வைத்திருக்கிறாள், செலவு சீசன் டிக்கெட், அதையும் அவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் ரயில் கிளம்பியபோது, ஜன்னல்களில் அந்த முகங்களைப் பார்த்து, நம் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நெஞ்சு நிமிர்ந்ததும் உண்மைதான்.

ராபர்ட்சன்பேட்டை பேக்கரி ஒன்றில் சூடான காரா பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு சண்டையை ஆரம்பித்தோம். ஈப்போவின் வெள்ளைக் காப்பிக்கு உலகத்தில் ஈடில்லை என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட அந்தப் பன்னைத் தின்றபின் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம் என்று தோன்றியது.

என் வாதம் எளிமையானது. பெங்களூர் அடுக்குமாடி வீடுகள் முழு வாடகை கொடுக்கின்றன. இங்கே சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவள் பாதி வாடகைதான் வாங்குகிறாள். கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள் அவர்கள், பாவம்தான், மறுக்கவில்லை. இயந்திரம் குறைவாக இருக்கிற இந்த நேரத்தில் எல்லாவற்றையும் பெங்களூருக்கு விடு. சம்பாதி. அந்தப் பணத்தில் நிறைய வாங்கி, பிறகு இங்கே கொடு.

"பெறகுன்னா எப்போக்கா? அவங்க மூச்சு பெறகு வரிக்கும் நிக்குமா?"

அப்படியானால் இவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாமே, எதற்குப் பாதி வாடகை என்று மடக்கினேன். மடங்கவில்லை. இலவசமாகக் கொடுத்தால் பெட்டி கெட்டுப்போனாலும் கேட்க மாட்டார்கள், தருமத்துக்கு வந்ததைக் குறை சொல்லக் கூடாது என்று மூலையில் வைத்துவிடுவார்கள் என்றாள். வாடகை கொடுத்தால் சத்தம் மாறினாலே வாசலில் வந்து நின்று சண்டை போடுவார்கள். பெட்டி இழுக்கிற மின்சாரத்துக்கும் அவர்கள் செலவழிக்க வேண்டுமே என்றுதான் பாதி. எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

பிறகு அவள் தன் விதியைச் சொன்னாள். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். கீழே யாருக்காவது அடிபட்டால் அதற்கென்று ஒரு மணி. அந்த மணி கேட்டால் கேஜுக்குள் துரையே ஏறி நின்றாலும் இறங்கி வழிவிட வேண்டும். அடிபட்டவன்தான் முதலில் மேலே போவான். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். அதையே இங்கே வைத்திருக்கிறாள். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களில், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் யாருக்கு ஆக்சிஜன் அளவு குறைவோ அவருக்குத்தான் முதல் இயந்திரம். வாடகை முழுசா பாதியா என்று பார்ப்பதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடக்கிறதா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கும் சந்தர்ப்பம் அன்று மத்தியானமே வந்தது. பெங்களூரில் ஒருவர் குணமாகி இயந்திரத்தைத் திருப்பிவிட்டார், தயாளன் சுத்தம் செய்து சோதிக்க மாலை ரயிலில் அது வந்துவிடும் என்று சேதி. காத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெங்களூர் இந்திரா நகரில் ஒரு அம்மாள். இன்னொருவர் இங்கே நந்திதுர்க் பக்கத்து லைனில் முனுசாமி, சுரங்கத்தில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். அந்த அம்மாளின் மகன் வீடியோவில் அளவைக் காட்டியிருந்தார், குறைவாகத்தான் இருந்தது. முனுசாமியை முந்தின நாள் தயாளன் போய்ப் பார்த்திருந்தான். ஆச்சரியமாக அவருக்கு அளவு நன்றாகவே இருந்ததாம்.

"அப்போ பெங்களூருக்குத்தான்," என்றாள் பிலோமினா, முகம் மாறாமல்.

நான் எதிர்பார்த்தது வேறு. ஊர்க்காரர் என்று வரும்போது விதி வளையும், அதைப் பிடித்துக்கொண்டு என் வரிக்குக் கையெழுத்து வாங்கலாம் என்றிருந்தேன். வளையவில்லை. என் பாக்கெட்டுக்கும் அதுதான் லாபம். மத்தியானம் கத்தரிக்காய்த் தொக்கோடு வந்த பிரியாணியை மகிழ்ச்சியாகவே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, முனுசாமி வீட்டுக்குப் போய் விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்றாள். போனில் சொல்லக் கூடாதா என்றேன். இல்லை என்று சொல்வதை வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டுமாம். நேற்றே ஆள் அனுப்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆட்டோவில் போனோம். மேட்டில் ஏறும்போது ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் கன்னடத்தில் அதனிடம் கெஞ்சினார். "என் தங்கமே, இன்னும் ஒரு வளைவுதான், உன்னை விற்க மாட்டேன்" என்று அவர் கெஞ்சியதாகப் பிலோமினா பெயர்த்துச் சொன்னாள். ஆட்டோ நம்பவில்லை. மீதி தூரம் நடந்தோம்.

நீளமான ஓட்டுக் கூரையின் கீழ் சுவர் பங்கிட்டுக்கொண்ட வீடுகள். ஒரு வீட்டு வாசலில் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எனக்கு அது தாலாட்டு மாதிரி, எங்கே கேட்டாலும் கால் நின்றுவிடும். முனுசாமியின் பக்கத்து வீட்டுச் சின்னப்பனுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள் என்று பிலோமினா சொன்னாள்.

முனுசாமி சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபதை ஒட்டிய வயது. அகன்ற தோள்கள் இன்னும் இருந்தன, அவற்றுக்குள் ஆள் மட்டும் சுருங்கியிருந்தார். வாங்க வாங்க என்று வாய் நிறைய வரவேற்றார். மலேசியாவிலிருந்து வந்தவள் என்றதும் அங்கே எவ்வளவு ஆழத்தில் வெட்டுவார்கள் என்று கேட்டார். எங்கள் ஊர் ஈயம் மேலோட்டமாகவே கிடைக்கும் என்றேன். அவருக்கு என் மேல் இரக்கமே வந்துவிட்டது. உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று எங்களுடையது என்று சொல்லி, அதற்குமேல் வாக்கியத்தை நீட்டாமல் நிறுத்திக்கொண்டார்.

அவர் மனைவி ராஜம்மா அடுப்படி வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமினா இதமாகச் சொன்னாள். பெங்களூரில் ஒரு அம்மாவுக்கு உங்களைவிட மோசமாக இருக்கிறது மாமா, அடுத்தது வந்ததும் உங்களுக்கு. முனுசாமி கையை வீசினார்.

"அவங்களுக்கே குடு. எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

இன்னொரு தடவை அளவு பார்க்கட்டுமா என்றதும் தாராளமாக விரலை நீட்டினார். நன்றாகவே காட்டியது. அந்த நேரம் பார்த்து இந்திரா நகர் அம்மாளின் மகன் போனில் கூப்பிட, பிலோமினா எழுந்து வாசலுக்குப் போனாள். நான் முனுசாமியின் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டு கன்னத்திலும், நரைத்த முடிக்கு நடுவே, மெல்லிய பள்ளமாக ஒரு கோடு. மூக்கின் பக்கத்திலிருந்து காது வரை போயிற்று. ஈப்போவில் நான் தினமும் பார்க்கிற கோடு. ஆக்சிஜன் குழாய் அழுத்திய தடம் அது, கழற்றிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இயந்திரமே இல்லாத ஆளுக்கு அந்தத் தடம் எப்படி வந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பனின் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவது தெரிந்து, அங்கே போய் வேண்டிய மட்டும் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நேற்று முன்தினம் தயாளன் வந்தபோதும் அதையேதான் செய்திருப்பார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் இயந்திரம் முழு வாடகைக்குப் போகும், விதிப்படியே போகும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. என் கணவர் சேர்த்த வரிக்கு வேலையே இல்லாமல் அந்த வரியின் பலன் கிடைத்துவிடும். அந்த நினைப்பு எனக்கு வந்தது. ஆனால் அந்த மனிதர் வாக்கியங்களை எப்படிக் கத்தரித்துக் கத்தரித்துப் பேசுகிறார் என்பதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்ப் பிலோமினாவிடம் கன்னத்தைப் பார் என்றேன்.

அவள் போனை மெல்ல இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் அப்பாவும் இதே ரகமாம், மருத்துவச் சோதனை நாளில் இருமல் வராமலிருக்க மிளகை மென்றுகொண்டு போவாராம். தெரிந்திருந்தும் ஏமாந்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்து, ராஜம்மாவிடம் டீ கேட்டாள்.

டீ வந்தது, அவித்த வேர்க்கடலை வந்தது. இரவல் வாங்கி வந்த ஆக்சிஜன் கரையட்டும் என்று பிலோமினா அவரைப் பேச வைத்தாள். அந்த முட்டு எப்படிக் கொடுப்பீர்கள் மாமா, பாறை வெடிக்கும்போது என்ன சத்தம் வரும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அவர் ஆசையாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகச் சொற்கள் குறைந்தன, தோள்கள் ஏறி இறங்கின, கடலையை உரிக்கிற கை நின்றுவிட்டது. உதடு நிறம் மாறுவதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தேன். போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

அவருக்கும் விளங்கிவிட்டது. விரலை மடக்கிக்கொண்டார்.

"வேணாம்மா. நான் ஃபிட்டுன்னு எழுதிக்கினு போ."

ராஜம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே தூங்குகிறார், படுத்தால் மூச்சு நிற்கிறது, கேட்டால் கொசுத் தொல்லை என்கிறார் என்று கோபமாகச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். முனுசாமி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். வெளியூர்க்காரியிடம் சொல்வது சுலபம் போலிருக்கிறது.

"வருஷா வருஷம் மெடிக்கல் வெப்பாங்கம்மா. ஃபிட்டுன்னா அண்டர்கிரவுண்டு. அன்ஃபிட்டுன்னா மேல சர்ஃபேஸ் வேலை, சம்பளம் பாதியாப் பூடும், கூட இருக்கறவன் மூஞ்சில முழிக்க முடியாது. என் சர்வீஸ்ல ஒரு வாட்டி கூட அன்ஃபிட்டு வாங்கினது இல்ல."

சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. குறைந்த அளவு காட்டினால்தான் இயந்திரம் கிடைக்கும் என்று தெரிந்தும், கருவியைப் பார்த்ததும் அந்த மனிதருக்குத் தேறியாக வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குக் கோபம் வந்தது. அதே நேரம் அவர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போலவும் இருந்தது.

அவர் மூச்சு சற்று அடங்கியதும் பிலோமினா விரலைப் பிரித்துக் கருவியை மாட்டினாள். இந்திரா நகர் அம்மாளின் அளவைவிட நன்றாகக் கீழே போய் நின்றது. இரண்டும் ஒரே மாதிரி, உட்கார்ந்த நிலையில் எடுத்தவைதான். இனி யாரும் வாதாட ஒன்றுமில்லை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெங்களூருக்குப் போன் போட்டாள். கன்னடத்தில் என்ன பேசினாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தவறாகச் சொல்லிவிட்டேன், இயந்திரம் இன்று தர முடியாது, மன்னியுங்கள் என்றிருக்கிறாள். இரண்டு மடங்கு வாடகை தருகிறேன் என்றாராம் அவர். "பணம் பிரச்சினை இல்லை சார், இங்கே ஒருவருக்கு உங்கள் அம்மாவைவிட மூச்சு குறைவு" என்று சொல்லி, போட்டிக் கம்பெனி ஒன்றின் எண்ணைக் கொடுத்து, அங்கே இப்போது இருப்பு இருக்கிறதா என்று தானே விசாரித்து, ஜெயநகர்ப் பெண்களில் ஒருத்தியை மாட்டிவிடவும் அனுப்பினாள். மத்தியானத்துக்குள் அந்த அம்மாளுக்கு இயந்திரம் கிடைத்துவிட்டது. ஒரு நல்ல வாடிக்கை கைவிட்டுப் போயிற்று.

நான் தொழில்காரி. வாடிக்கையாளரைப் போட்டியாளர் கையில் பிடித்துக் கொடுப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. என் ஆளாக இருந்தால் அவளுக்கு மாலை போட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது.

ஆனால் முனுசாமி இயந்திரம் வேண்டாம் என்று அடம் பிடித்தார். மூக்கில் குழாயோடு உட்கார்ந்தால் லைனில் எல்லோரும் பார்ப்பார்கள், அன்ஃபிட் ஆளாகிவிடுவேன் என்றார். ராஜம்மா கெஞ்சினாள், நான் ஈப்போக் கதைகள் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. தயாளன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவன் அதைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும் பேசாதவன் பேசினான்.

"டாக்டர் பதினாறு மணி நேரம் போடச் சொல்லிக் கீறாரு. ரெண்டு ஷிப்ட். உங்களால ஆவுமா மாமா?"

முனுசாமி நிமிர்ந்தார். டபுள் ஷிப்ட் போட முடியுமா என்று தன்னிடமா கேட்கிறான் என்பது போலப் பார்த்தார். என் காலத்தில் எத்தனை டபுள் ஷிப்ட் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. குழாயைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார். ராஜம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் ஈப்போவுக்குப் பேசினேன். கன்னத்துக் கோட்டைப் பற்றிச் சொன்னதும், இரண்டு பக்கமுமா என்று கேட்டார் என் கணவர். அவரும் இந்தத் தொழில்காரர்தான், அந்தக் கோடு அவருக்கும் தெரியும். பிறகு, அந்த வரியை அடித்துவிடு என்றார். அடித்தேன். அந்த இடத்தில், மூச்சு குறைந்தவருக்கு முதலில் என்று என் கையாலேயே எழுதினேன். சும்மா விட்டுவிடவில்லை. அளவு பார்க்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டில் இயந்திரம் இருந்தால் நோயாளியை அரை மணி நேரம் பேச வைத்த பிறகுதான் பார்க்க வேண்டும், பாதி வாடகையானாலும் தவறாமல் வசூலிக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன். பிலோமினா மூன்றுக்கும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். எங்களுக்கு வரும் பங்கு நான் நினைத்து வந்ததைவிடக் குறைவுதான். ஆனால் கிடங்கில் தூங்குகிற பெட்டி ஒரு காசும் தராது என்பதும் கணக்குத்தானே. ஆற்றிலும் சேற்றிலும் கால் வைத்து நிற்கிறவர்களைக் கேலி செய்துகொண்டு வந்தவள், இப்போது நானும் அவர்களோடு நிற்கிறேன். நிற்பதில் பெருமையாகவே இருக்கிறது.

கிளம்புகிற அன்று நந்திதுர்க் வழியாகப் போகச் சொன்னேன். வெயில் ஏறியிருந்தது. முனுசாமி நாற்காலியை வாசலிலேயே போட்டு, லைன் முழுக்கப் பார்க்கும்படி, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. போய் வருகிறேன் ஐயா என்று ஆட்டோவிலிருந்தே குரல் கொடுத்தேன். பதிலுக்குக் கையை மட்டும் உயர்த்தினார். எதிர்வீட்டுக்காரர் ஒருவர், இன்னா முனுசாமி, டீக்கு வர்றியா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

"இப்ப முடியாது," என்றார் முனுசாமி, மூச்சு வாங்காமல். "ஷிப்ட்ல கீறேன்."